தூரம், நேரம், பூட்டு: புல் வெட்டும் மிஷினும் நம் பள்ளி வளாகமும்

(பள்ளி திறப்புக்கு முன் வட்டார வள மையத்தில் நடந்த தலைமையாசிரியர் கூட்டத்தில், நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி திறக்க இன்னும் பத்து நாள்கூட இல்லை. நம் எல்லோர் கையிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. குடிநீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும். கழிப்பறைக் குழாய்களைச் சரிபார்க்க வேண்டும். பழுதான சுவிட்சை மாற்ற வேண்டும். பாடநூல், நோட்டு, சீருடை எல்லாம் வந்து சேர வேண்டும். அந்தப் பட்டியலின் நடுவில் எங்கோ 'வளாகத்தில் புல், புதர் அகற்றுதல்' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைப் பற்றி மட்டுமே பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முன்பெல்லாம் இந்த வேலைக்கு நான்கு பேர் அரிவாளும் மண்வெட்டியுமாக வருவார்கள். இரண்டு நாள் ஆகும். இப்போது ஒருவர் தோளில் பெட்ரோல் மிஷினை மாட்டிக்கொண்டு வருகிறார். பிரஷ் கட்டர் என்கிறோம், புல் வெட்டும் மிஷின் என்கிறோம். அரை நாளில் வேலை முடிகிறது. சில பள்ளிகளில் முன்னாள் மாணவர்களே வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பள்ளிக்கும் அப்படித்தான் வந்தது. நல்ல மிஷின். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதை வைத்து வேலை வாங்கிய என்னைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஒரு ஜல்லிக்கல்

இதோ, இந்தக் கல்லைப் பாருங்கள். பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கட்டை விரல் நகம் அளவுதான் இருக்கும். சாதாரண ஜல்லிக்கல். நான்கு ஆண்டுகளாக இது என் மேசை டிராயரில் இருக்கிறது.

அந்த ஆண்டு ஜூன் மாதம் இரண்டு மழை பெய்து, புல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. பார்த்தீனியமும் சேர்ந்துகொண்டது. அடுத்த வாரம் பள்ளிப் பார்வை இருக்கிறது என்று தகவல் வந்தது. எங்கள் ஊரில் மிஷின் ஓட்டத் தெரிந்த ஒரு பெரியவரை அழைத்தேன். அவருக்கு அன்று காலையில்தான் ஓய்வு. "அண்ணே, பிள்ளைங்க மதியம் சாப்பிட வெளியே வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க" என்று சொன்னேன். மணி பத்தரை இருக்கும். வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன.

மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அறையில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர் வந்தார். ஒன்றும் பேசவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். இந்தக் கல் இருந்தது.

திறந்திருந்த ஜன்னல் வழியாக வந்து, எதிர்ச் சுவரில் அடித்து, சுவர்ப் பூச்சில் ஒரு குழி விழுந்திருக்கிறது. ஜன்னலோரம் முதல் வரிசையில் உட்காரும் ஒரு பெண் குழந்தை, கணக்கு நோட்டைத் திருத்தி வாங்க டீச்சர் மேசைக்குப் போயிருந்தாள். அவள் இடத்தில் இருந்திருந்தால், அந்தக் குழிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அவள் முகம் இருந்திருக்கும்.

எனக்கு வந்த பதற்றத்தில் வெளியே ஓடி அந்தப் பெரியவரைச் சத்தம் போட்டேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டு, நான் சொன்னது முழுவதையும் கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "நீங்கதானே சார், பிள்ளைங்க சாப்பிட வர்றதுக்குள்ள முடிக்கச் சொன்னீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் என் சொல்லைத்தான் செய்தார். வகுப்பு நடக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தது நான். ஜன்னலை மூடச் சொல்லாதது நான். வந்தவர் கண்ணாடி போட்டிருக்கிறாரா, காலில் செருப்பா ஷூவா என்றுகூட நான் பார்க்கவில்லை. அது ஆள் வேலை, நம் வேலை இல்லை என்று நினைத்துவிட்டேன். பள்ளி வளாகத்தில் எந்த வேலை நடந்தாலும், எப்போது, எங்கே, யார் அருகில் நடக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர் தலைமையாசிரியர். இதை நான் ஒரு கல்லிடம் கற்றுக்கொண்டேன்.

பெட்டிக்குள் இருந்த புத்தகம்

அன்று மாலை மிஷின் வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தோம். உள்ளே ஆங்கிலத்தில் ஒரு கையேடு, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியர் அதைப் படித்து, எங்களுக்குத் தமிழில் சொன்னார். முதல் பக்கங்களிலேயே ஒரு படம். மிஷின் ஓட்டுபவரைச் சுற்றி ஒரு வட்டம். அதற்குள் 15 மீட்டர் என்று போட்டிருந்தது. அந்த வட்டத்துக்குள் ஓட்டுபவரைத் தவிர யாரும் இருக்கக் கூடாது.

15 மீட்டர் என்றால் எவ்வளவு? வாலிபால் மைதானத்தின் நீளம் 18 மீட்டர். அதைவிடச் சற்றுக் குறைவு. மறுநாள் நானும் அறிவியல் ஆசிரியரும் டேப் வைத்து அளந்தோம். எங்கள் வளாகத்தில் எந்த இடத்தில் நின்று புல் வெட்டினாலும், ஏதாவது ஒரு வகுப்பறையோ சமையல் கூடமோ கழிப்பறைப் பாதையோ அந்த வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அப்படியானால் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போது அங்கே மிஷின் ஓடவே கூடாது. விவாதிக்க ஒன்றுமில்லை.

ஏன் அவ்வளவு தூரம்? நம் பாடப்புத்தகத்திலேயே விடை இருக்கிறது. அந்த மிஷினின் உலோகப் பிளேடு சுமார் 25 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. அதன் சுற்றளவு ஏறக்குறைய 78.5 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 7000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேடின் விளிம்பு ஒரு நிமிடத்தில் கடக்கும் தூரம் ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டர். மணிக்கு 330 கிலோமீட்டர்! அந்த விளிம்பு ஒரு கல்லைத் தட்டினால், கல் எந்தப் பக்கம் போகும் என்று ஓட்டுபவரால் சொல்ல முடியாது, தடுக்கவும் முடியாது. நைலான் கயிறு மாட்டினால் ஆபத்தில்லை என்று சிலர் சொல்வார்கள். கயிற்றின் நுனி இன்னும் அகலமான வட்டத்தில் சுற்றுகிறது. அதுவும் கல்லை எறியும்.

வேலை தொடங்கும் முன்

அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் ஒரு நடைமுறை வைத்துக்கொண்டோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மானப் பதிவேட்டிலும் எழுதிவிட்டோம். மூன்று சொற்கள்தான்: தூரம், நேரம், பூட்டு.

தூரத்தைச் சொல்லிவிட்டேன். நேரம் என்பது விடுமுறை நாள் மட்டுமே. ஆனால் விடுமுறை நாளிலும் நம் பள்ளி மைதானம் காலியாக இருக்காது. தெருப் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாட வந்துவிடுவார்கள். அதனால் வெளிக்கதவைப் பூட்டிவிட்டு, ஒரு பெரியவரைக் காவலுக்கு நிறுத்துகிறோம். வளாகச் சுவர் இல்லாத பள்ளிகளில் இரண்டு பேர் தேவைப்படலாம். சாலையோரம் வெட்டும்போது நடந்து போகிறவர்களையும் பார்க்க வேண்டும்.

மிஷினைக் கிளப்பும் முன் கால் மணி நேரம் ஒதுக்கி, வெட்டப்போகும் இடத்தை நடந்து பார்க்கிறோம். ஜல்லி, உடைந்த பாட்டில், கட்டுக்கம்பி, பிளாஸ்டிக் கயிறு, பழைய பெஞ்சின் இரும்புத்துண்டு எல்லாம் புல்லுக்குள் மறைந்திருக்கும். அவற்றைப் பொறுக்கி எடுக்க வேண்டும். கையை விட்டுத் துழாவக் கூடாது. நீளமான கோலால் புல்லைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். பாம்பு இருந்தால் விலகிப் போக வழி விட வேண்டும்.

அடுத்து, ஓட்டுபவரின் உடை. இதில்தான் நாம் கூச்சப்படுகிறோம். வேலைக்கு வந்தவரிடம் 'கண்ணாடி எங்கே' என்று கேட்பது நம் வேலையா என்று தோன்றும். ஆமாம், நம் வேலைதான். லுங்கியோடும் செருப்போடும் இந்த மிஷினைத் தொடக் கூடாது. முழுக்கால் சட்டை, மூடிய ஷூ, கண்ணைச் சுற்றி மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, அதற்கு மேல் முகத்தடுப்பு, காதுக்கு மூடி. சாதாரணக் கூலிங் கிளாஸ் கல்லைத் தடுக்காது. இவை எல்லாவற்றையும் பள்ளியே வாங்கி வைத்துவிட்டது. யார் வந்து ஓட்டினாலும் அவற்றைப் போட்டுக்கொண்டால்தான் மிஷின் கையில் கொடுப்போம்.

மிஷினிலும் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். பிளேடுக்கு மேலே ஒரு தடுப்பு இருக்கும். புல் அடைத்துக்கொள்கிறது என்று அதைக் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. தடுப்பு இல்லாத மிஷின் நம் வளாகத்துக்குள் ஓடக் கூடாது. நைலான் கயிறு சீக்கிரம் தேய்கிறது என்று அதற்குப் பதிலாக இரும்புக் கம்பியைக் கட்டுகிறவர்களும் உண்டு. அந்தக் கம்பி அறுந்தால் பறந்துபோய்க் குத்தும். ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். கைப்பிடியை முடுக்காமல் விட்டிருக்கும்போது பிளேடு சுற்றக் கூடாது. சுற்றினால் மெக்கானிக்கிடம் போக வேண்டும். பிளேடில் விரிசல் இருந்தால், ஒட்டவைக்கக் கூடாது, மாற்ற வேண்டும்.

சுவர் ஓரத்திலும் மரத்தடியிலும் உலோகப் பிளேடு பட்டால் மிஷின் திடீரென்று எதிர்த் திசையில் உதைக்கும். அந்த இடங்களில் நைலான் கயிறுதான் ஏற்றது. புல் சுற்றிச் சிக்கிக்கொண்டால் இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். ஓட்டுபவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் பின்னாலிருந்து போய்த் தோளைத் தொடாதீர்கள். அவர் சட்டென்று திரும்புவார். பிளேடும் கூடவே திரும்பும். தூரத்தில், அவர் கண்ணுக்கு எதிரே நின்று கையை அசையுங்கள். அவர் நிறுத்திய பிறகு அருகே போங்கள். அரை மணிக்கு ஒரு முறை அவருக்கு ஓய்வும் தண்ணீரும் கொடுங்கள். அதிர்வில் கை மரத்துப்போகும். மரத்த கையில் பிடி நிற்காது.

பூட்டு

இனி மூன்றாவது சொல். எனக்கு இதில்தான் அதிக பயம்.

கல் விழுந்த அன்று மாலை, மிஷினை எங்கே வைத்திருக்கிறோம் என்று போய்ப் பார்த்தேன். விளையாட்டுச் சாமான் அறை. ஒரு மூலையில் மிஷின், அதன் பக்கத்தில் பந்து வலை, சாக்பீஸ் பெட்டி, பழைய விடைத்தாள் கட்டுகள். தரையில் ஒரு குளிர்பான பாட்டில். உள்ளே ஆயில் கலந்த பெட்ரோல், அரை பாட்டில். பார்ப்பதற்குச் சர்பத் போலவே இருந்தது. பந்து எடுக்க அந்த அறைக்குள் தினமும் பிள்ளைகள் போகிறார்கள். ஓடியாடித் தாகத்தோடு வருகிற பிள்ளை, குளிர்பான பாட்டிலைப் பார்த்தால் என்ன செய்யும்?

பெட்ரோலைப் பற்றி நாம் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். எரிவது திரவம் அல்ல, அதன் ஆவி. பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடுவது பெட்ரோல். நம் ஊர் மே மாத வெயிலில் சொல்லவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு தவழ்ந்து, கதவு இடுக்கு வழியாக அடுத்த அறைக்கும் போகும். அங்கே ஓர் அடுப்போ ஒரு சுவிட்சின் பொறியோ போதும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் நடந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். சமையல் கூடத்துக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு நம் பள்ளிகளில் கீற்றுக்கூரை போனது. தீயணைப்புக் கருவி வந்தது. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட நாம், ஒரு பாட்டில் பெட்ரோலைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டாமல் விடலாமா?

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை உரிமம் இல்லாமல் மொத்தம் 30 லிட்டர் வரைதான் வைத்திருக்கலாம். அதுவும் இறுக மூடிய கலத்தில் இருக்க வேண்டும். கண்ணாடிக் கலம் என்றால் 1 லிட்டருக்கு மிகாமல். உலோகக் கலம் என்றால் 25 லிட்டருக்கு மிகாமல். தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பான பாட்டிலுக்கும் அங்கே இடமே இல்லை. ஆனால் பள்ளிக்கு 30 லிட்டர் எதற்கு? எங்கள் விதி இதைவிட எளிது: பள்ளி வளாகத்தில் ஓர் இரவுகூடப் பெட்ரோல் தங்கக் கூடாது. வேலை நாளன்று தேவையான அளவு மட்டும் உலோகக் கேனில் வரும். மீதியை ஓட்டுபவர் கேனோடு எடுத்துச் சென்றுவிடுவார். பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும் என்பது மிஷினுக்கு மிஷின் மாறும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்குக் கலக்கவே கூடாது. கையேட்டில் உள்ள அளவைப் பார்த்து, மிஷின் மேலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பெட்ரோல் ஊற்றுவது திறந்த வெளியில். சூடான இன்ஜினில் ஊற்றக் கூடாது. பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். பீடி, சிகரெட் அருகில் வரக் கூடாது. ஊற்றிய இடத்திலேயே கிளப்பக் கூடாது. சிந்தியதைத் துடைத்துவிட்டு மூன்று மீட்டராவது தள்ளிப்போய்க் கிளப்ப வேண்டும். மூடிய அறைக்குள் 'ஓடுகிறதா பார்க்கலாம்' என்று இன்ஜினைப் போட்டுப் பார்க்கக் கூடாது. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயக்கம் வந்த பிறகுதான் தெரியும்.

வேலை முடிந்ததும் டேங்கில் மீதியிருப்பதைக் கேனில் வடித்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறோம். இதனால் கார்புரேட்டரில் பிசின் பிடிக்காது. அடுத்த முறை ஒரே இழுப்பில் கிளம்பும். ஆறிய பிறகு பிளக் மூடியைக் கழற்றி, பிளேடைத் துடைத்து, உறை போட்டு, ஆணியில் தொங்கவிடுகிறோம். அந்த அறைக்குத் தனிப்பூட்டு. சாவி என்னிடம் ஒன்று, உதவித் தலைமையாசிரியரிடம் ஒன்று. விளையாட்டுச் சாமான்கள் வேறு அறைக்கு மாறிவிட்டன. அறை இல்லாத சிறிய பள்ளிகள் மிஷினைப் பள்ளியில் வைக்கவே வேண்டாம்; ஊராட்சி அலுவலகத்திலோ பொறுப்பான ஒருவரிடமோ இருக்கட்டும்.

எட்டாம் வகுப்புப் பையன் கெட்டிக்காரன், அவனே ஓட்டுவான் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். மாணவர் கையில் இந்த மிஷினைக் கொடுக்கும் பேச்சே வேண்டாம்.

எல்லாம் செய்தும் ஏதாவது நடந்துவிட்டால் இரண்டு விஷயங்கள் நினைவில் இருக்கட்டும். கண்ணில் கல்லோ கம்பியோ பட்டால் தேய்க்கக் கூடாது. குத்தி நிற்பதைப் பிடுங்கக் கூடாது. அழுத்தாமல், சுத்தமான பேப்பர் கப்பால் மூடி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பெட்ரோலைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. வாந்தியில் அது நுரையீரலுக்குள் போய்விடும். இரண்டுக்கும் உடனே 108.

வகுப்பறைக்குள் வந்த மிஷின்

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்தக் கல்லை நான் மறைத்துவைக்கவில்லை. எங்கள் அறிவியல் ஆசிரியர் அதை எட்டாம் வகுப்புக்கு எடுத்துப் போனார். பிளேடின் விட்டத்தைக் கொடுத்து, விளிம்பின் வேகத்தைக் கணக்கிடச் சொன்னார். 330 என்ற விடை வந்ததும் வகுப்பில் யாரும் நம்பவில்லை. இரண்டு முறை போட்டுப் பார்த்தார்கள். பிறகு, பள்ளியில் மிஷின் ஓடும்போது என்னென்ன செய்யக் கூடாது என்று அவர்களே ஒரு சார்ட் எழுதினார்கள். மிஷின் அறைக் கதவில் இன்றும் ஒட்டியிருப்பது அந்தச் சார்ட்தான்.

பத்து நாள் கழித்து, மாலையில் ஒருவர் பள்ளிக்கு வந்தார். அந்த வகுப்பில் படிக்கும் ஒரு மாணவியின் தந்தை. தென்னந்தோப்புகளில் கூலிக்குப் புல் வெட்டுகிறவர். வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். "சார், பாப்பா ஒரு வாரமா சண்டை போடுது. கண்ணாடி வாங்காம மிஷின எடுக்கக் கூடாதுன்னு ஒளிச்சு வச்சிடுச்சு. அந்தக் கண்ணாடி எந்தக் கடையில சார் கிடைக்கும்?" என்று கேட்டார்.

நம் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் பலருடைய தந்தைமார், மாமன்மார், அண்ணன்மார் இந்த மிஷினை ஓட்டித்தான் வீட்டுக்கு அரிசி வாங்குகிறார்கள். நாம் வளாகத்தைப் பாதுகாப்பாக வைத்துக்கொண்டால் நம் பிள்ளைகள் பிழைப்பார்கள். அதைப் பாடமாகவும் சொல்லிக்கொடுத்தால், அவர்கள் வீட்டிலிருக்கும் இரண்டு கண்களும் பிழைக்கும்.

இங்கிருந்து போனதும் உங்கள் பள்ளிச் சாமான் அறையை ஒருமுறை திறந்து பாருங்கள். ஏதாவது பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். புல் வெட்டும் நாளைக் காலண்டரில் விடுமுறை நாளாகப் பார்த்துக் குறித்துவிடுங்கள். ஒரு டேப்பை எடுத்து 15 மீட்டரை அளந்து பாருங்கள். இந்த மூன்றுக்கும் ஒரு மணி நேரம்கூட ஆகாது.